ஜாடிக்குள் மதுரை மல்லி

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடை ஒன்றில், ‘ஜாஸ்மின்’ என்று ஒட்டியிருந்த மெழுகுவர்த்தி ஜாடியைத் திறந்து முகர்ந்தேன். குளியல் சோப்பு வாசனை. மதுரையில் பிறந்தவளிடம் இதைப் போய் மல்லி என்பதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஆற்றாமையில்தான் சோயா மெழுகு வாங்கிவந்து நானே ஊற்ற ஆரம்பித்தேன்.

செய்முறை எளிது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 200 கிராம் மெழுகுச் சீவலை 80 டிகிரி வரை உருக்கி, 16 கிராம் வாசனை எண்ணெய் விட்டு நிதானமாகக் கலக்க வேண்டும். சூடு 60 டிகிரிக்கு இறங்கியதும், பருத்தித் திரியை நடுவில் நிறுத்தி ஜாடியில் ஊற்றலாம். ஏசி காற்று நேரே படக்கூடாது. பட்டால் மெழுகு சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகும். இரண்டு வாரம் மூடி வைத்தால்தான் சோயா மெழுகில் வாசனை நன்றாக ஊறும். முதல் தடவை ஏற்றும்போது மேல்பரப்பு ஓரம்வரை உருகட்டும். பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் நடுவில் மட்டுமே குழி விழும்.

வாசனைதான் பெரிய வழக்கு. வாசனைத் திரவிய உலகம் மல்லிகை என்று பெரும்பாலும் கொண்டாடுவது கிராண்டிஃபுளோரம், அதாவது நம் பிச்சிப்பூ. பிச்சியும் அழகுதான், எனக்கு அதன்மேல் பகையில்லை. ஆனால் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி சாம்பாக் இனம். எண்ணெய்ப் புட்டியில் ‘சாம்பாக்’ என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பாதி ஏமாற்றம் அதிலேயே தீரும்.

சாம்பாக் ஜாடியை முதலில் ஏற்றிய மாலை, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவோரம் நின்று, “டீ போடுகிறாயா?” என்று கேட்டார். மல்லிகைத் தேநீருக்கு மணம் ஏற்றுவது இதே பூதான்! மாடிவீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ அக்கா, “சம்பகீதா!” என்று கண்கள் விரியச் சிரித்தார். அது அவர்கள் நாட்டின் தேசியப் பூ. ஒரே தாழ்வாரத்தில் என் மல்லிக்கு இத்தனை சொந்தக்காரர்கள்! அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

இங்கே நன்றாகப் பழகிவிட்டது என்றுதான் ஊரில் கேட்பவர்களிடம் சொல்கிறேன். பஃபலோ ரோட்டில் பூ கிடைக்கிறது, தேக்காவில் முருங்கைக்கீரை கிடைக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனாலும் மாலை ஆனால் மனசு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விடுகிறது. விடியலில் பறித்த மொட்டு அந்த நேரத்தில்தான் வாய் திறக்கும். அம்மா ஈரத்துணி விலக்கி, வாழைநாரை நனைத்து, நெருக்கமாகக் கட்டுவார். ஊடே ஒரு கிள்ளு மரிக்கொழுந்து. வெறும் மல்லியில் என்ன குறைகிறது என்று எனக்குப் பிடிபட்டது அதை நினைத்தபோதுதான்.

மரிக்கொழுந்து எண்ணெய் ‘தவனா’ என்ற பெயரில் விற்கிறது. இப்போது 14 கிராம் சாம்பாக், 2 கிராம் தவனா. புது ஜாடிகள் அலமாரியில் ஊறுகின்றன. முதலாவது எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு. கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.