மேகன் வான்கப்பல் மாதிரி: வால் பகுதி முடிந்தது

அமெரிக்கக் கடற்படையின், ஹீலியம் வாயுவால் மிதந்த மேகன் வான்கப்பலை 1:200 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அசல் 239 மீட்டர் நீளம். மாதிரி கிட்டத்தட்ட 120 சென்டிமீட்டர் வரும், குறுக்களவு 20 சென்டிமீட்டர். மூக்கை விட்டுவிட்டு வாலில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1935 பிப்ரவரி 12 அன்று கலிஃபோர்னியாவின் பாயின்ட் சர் முனைக்கு அப்பால் இந்தக் கப்பல் கடலில் விழுந்த கதை வாலில்தான் தொடங்குகிறது. அதைக் கையால் கட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

கப்பலின் எலும்புக்கூடு டியூராலுமின் என்ற அலுமினியக் கலவை வளையங்களால் ஆனது. பிரதான வளையங்கள் முக்கோண வெட்டுமுகம் கொண்டவை, உள்ளே ஆள் போய்வரும் அளவுக்குத் தடிமனானவை. அவற்றுக்கு நடுவே மெலிந்த இடைவளையங்கள். பிரதான வளையத்துக்கு பால்சா என்ற லேசான மரத்தில் செய்த இரண்டு வளையங்களைச் சிறு குச்சிகளால் இணைத்தேன். இடைவளையத்துக்கு ஒற்றை மெல்லிய பலகையே போதும். நெடுக்குச் சட்டங்களுக்கு மூங்கில் சிம்பு. நெருப்பில் லேசாக வாட்டினால் சொன்னபடி வளைகிறது. வாலில் உள்ள சுழிய வளையத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதே மற்ற வளையங்களின் பெயர். 17.5 என்ற பிரதான வளையம் என் மாதிரியில் அங்கிருந்து 8.75 சென்டிமீட்டரில் வரும். கணக்குப் போடச் சுகமான முறை.

அப்புறம் வால் துடுப்புகள். முதல் வரைபடத்தில் இவை நீளமாக, ஒடுக்கமாக இருந்தன. துடுப்பின் முன்முனை, அதாவது முன்னங்கால், பிரதான வளையத்தில் ஊன்றியிருந்தது. 1929இல் ஜெர்மனியின் கிராஃப் செப்பலின் வான்கப்பல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்பும்போது அதன் வால் மின்கம்பிகளில் மாட்டப் பார்த்தது. அதனால் கீழ்த்துடுப்பு ஓட்டுநர் அறையிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கடற்படை கேட்டது. துடுப்புகளின் நீளத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினார்கள். முன்னங்கால் 28.75 என்ற இடைவளையத்துக்கு வந்துவிட்டது. வலிமைக் கணக்கைப் பார்த்து எல்லோரும் சரி என்றார்கள். விபத்துக்கு இந்த மாற்றம் எவ்வளவு காரணம் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இதற்காகவே வால் துண்டை இரண்டு விதமாகக் கட்டினேன். ஒன்றில் முன்னங்கால் தடித்த வளையத்தில், இன்னொன்றில் மெல்லிய வளையத்தில். துடுப்பின் நுனியில் நூல் கட்டி, பக்கவாட்டில் ஒரே எடையைத் தொங்கவிட்டேன். முதலாவது அசையவில்லை. இரண்டாவதில் மெல்லிய வளையம் முட்டை வடிவத்துக்கு நசுங்கியது, மேலே ஒட்டிய டிஷ்யூ காகிதத்தில் சுருக்கம் விழுந்தது. எடையைக் கூட்டியதும் துடுப்பின் இழுப்பு முழுவதும் பின்னால் இருக்கும் 17.5 வளையத்தின் மேல் போய் விழுகிறது. பால்சாவும் பசையும் டியூராலுமின் ஆகாது, இது நிரூபணமும் ஆகாது. ஆனால் பாரம் எந்த வழியாகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அசலிலும் 17.5 வளையத்தின் பக்கம்தான் முறிந்தது. 1934 ஏப்ரலில் டெக்சஸைக் கடக்கும்போது காற்றின் உதறலில் வால் பகுதியின் சட்டங்கள் உடைந்தன. ஊழியர்கள் பறந்துகொண்டே முட்டுக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு வலுவூட்டும் வேலையைக் கப்பலை நிறுத்தாமலே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள். மேல்துடுப்பின் முறை வரவே இல்லை. அடுத்த பிப்ரவரியில் பிய்ந்து போனது அதே மேல்துடுப்புதான்.

துடுப்பு போனதோடு கதை முடியவில்லை. உடைந்த துண்டுகள் பின்பக்க ஹீலியம் பைகளைக் கிழித்தன. வால் தாழ்ந்ததும் எடையைச் சரிக்கட்ட வைத்திருந்த நிலைப்பாரத் தண்ணீரையும் எரிபொருளையும் மளமளவென்று கொட்டினார்கள். கப்பல் சுமார் 1,480 மீட்டர் வரை எழும்பிவிட்டது. அந்த உயரத்தில் வாயு விரிந்து தானியங்கி வால்வுகள் திறந்துகொண்டன, மிச்ச ஹீலியமும் வெளியேறியது. அதன்பின் இறங்குவதைத் தவிர வழியில்லை. என் பார்வையில் கப்பலை முடித்தது இந்த ஏற்றம்தான்.

வான்கப்பல் விபத்து என்றாலே தீதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் ஷெனாண்டோவா, ஆக்ரன், மேகன் மூன்றுமே தீப்பிடிக்காத ஹீலியம் நிரப்பிய கப்பல்கள். மூன்றும் சிக்கியது புயல்காற்றில். மேகனின் அக்காள் ஆக்ரன் 1933 ஏப்ரல் 4 அன்று நியூ ஜெர்சிக்கு அப்பால் விழுந்தபோது 76 பேரில் 73 பேர் இறந்தார்கள். அதில் உயிர்காப்பு அங்கிகளே இல்லை. பலரைக் குளிர்ந்த நீர் கொன்றது. பிழைத்த மூவரில் ஒருவரான ஹெர்பர்ட் வைலிதான் பின்னர் மேகனின் தலைவர். மேகனில் அங்கிகளும் ரப்பர் படகுகளும் இருந்தன. 83 பேரில் 81 பேர் கரை சேர்ந்தார்கள். மாதிரி செய்பவர்கள் அந்தப் படகுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நான் வைக்கப்போகிறேன்.

இனி நடுப்பகுதி. வயிற்றில் விமானக் கூடமும், கப்பல் சுமந்து சென்ற சிறு விமானங்களான ஸ்பாரோஹாக்குகள் கொக்கியில் வந்து மாட்டும் தொங்கு சட்டமும் அங்கேதான். இந்த அளவில் ஒரு விமானத்தின் இறக்கை 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. பித்தளைக் கம்பியில் முதல் சட்டத்தை வளைத்து வைத்திருக்கிறேன்.