மேலக்காற்றை எதிர்த்து

ஆடியில் திருவையாற்றுப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு மேலக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் மேற்கே கிளம்பினால் நெஞ்சுக்கு நேரே அடிக்கும், கொஞ்ச தூரத்திலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் அந்தக் காற்றுக்குள் போகத்தான் தினமும் கிளம்புகிறேன், ஏனென்றால் என் பழைய சைக்கிளுக்கு நானே ஒரு மோட்டார் மாட்டிவிட்டேன்.

பின் சக்கரத்தின் நடுவில் உட்காருகிற ஹப் மோட்டார், 36 வோல்ட், 250 வாட். பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாமென்று மோட்டார் வாகன விதிகள் வைத்திருக்கிற எல்லை 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம். அதைத் தாண்டக் கூடாது என்பது முதலிலேயே எடுத்த முடிவு. பேட்டரியில் 40 லித்தியம் செல்கள், 10 வரிசை, வரிசைக்கு 4. மொத்தம் 360 வாட் அவர், அதாவது அரை யூனிட் கரண்டுகூட இல்லை.

மோட்டாரைச் சுற்றிப் போக்ஸ் கம்பி கோத்துக் கொடுத்தவர் எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார், ரிம் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே மட்டும் வெள்ளையாகக் கோடு விழும், அந்த இடத்துக் கம்பியை இறுக்குகிற சின்ன நட்டை, அதாவது நிப்பிளை, கால் சுற்று திருப்பு, துடைத்துவிட்டு மறுபடி சுற்று. "அவசரப்பட்டா கோட்டம் போகாது தம்பி, கம்பிதான் போகும்" என்றார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு விஷயம், யாராவது செய்வதாக இருந்தால்: மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பட்டைக்கு டார்க் ஆர்ம் என்று பெயர். அதைப் போடாமல் ரோட்டில் இறங்காதீர்கள்.

சரி, சவாரிக்கு வருகிறேன். ஹேண்டில்பாரில் மோட்டார் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் ஒரு சின்னத் திரை இருக்கிறது. வேகத்தை 20-லேயே வைத்துக்கொண்டு நானும் மிதித்தபடி போவேன். வாழைத்தோப்பு மறைவில் போகும்போது 80, 90 என்று இருக்கும். தோப்பு முடிந்து குறுவை வயல் திறந்ததும் காற்று மோதும், எண் 200-ஐத் தாண்டி ஏறும். கணக்கு நேரானதுதான். நாம் 20-ல் போகையில் எதிரே 20-ல் காற்று வந்தால் உடம்பில் மோதுவது 40, தடை நாலு மடங்கு. முன்பு அந்த நாலு மடங்கும் என் முழங்காலுக்கு வந்தது. இப்போது என் மிதி மாறுவதே இல்லை, எண் மட்டும் ஏறி இறங்குகிறது. அடுத்த தோப்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பைக்கில் எத்தனையோ தடவை போன ரோடுதான். ஆனால் மதகில் தண்ணீர் விழுகிற சத்தம், தூரத்துப் பம்புசெட், பின்னால் வருகிற பஸ் எல்லாம் இதில்தான் காதில் விழுகிறது. மோட்டாரின் சத்தம் லேசான ரீங்காரம், காற்றடித்தால் அதுவும் கேட்காது. மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரியில் எதிரே வந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே போக இதைவிட நல்ல வேகம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பும்போது காற்று முதுகில். மோட்டாரை அணைத்துவிடுவேன். உள்ளேயே ஃப்ரீவீல் இருப்பதால் இழுவை தெரியாது, திரையில் பூஜ்யம், சைக்கிள் தானாக ஓடுகிற மாதிரி இருக்கும்.

ஆடிப்பெருக்குக்குள் கேரியரை மட்டும் பலமானதாக மாற்ற வேண்டும். அம்மாவைப் புஷ்ய மண்டபப் படித்துறைக்கு இதிலேயே கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். ரெண்டு பேர் பாரத்தைச் சக்கரம் தாங்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். தடிமனான 12 கேஜ் கம்பி, தாராளமாகத் தாங்கும் என்கிறார்.