டி டிரைவில் இருபத்திரண்டு வருஷம்

2025 ஜூலை 5, சனி

பழைய கொம்பியூட்டர் இன்று மூன்று தரம் தானாக நின்றுவிட்டது. 2003இல் அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அச்சுக் கடை போட்டபோது வாங்கியது. இன்னும் வின்டோஸ் எக்ஸ்பிதான். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் அதில் ஒழுங்காக ஓடுகிறதே என்று இத்தனை காலம் விட்டுவைத்தேன். புதியது வாங்கி ஒரு மாதமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. இனிப் பிந்தக்கூடாது.

டி டிரைவில் அறுநூறு கல்வெட்டுக்கு மேல் இருக்கிறது. கல்வெட்டு என்றால் இங்கே இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுத்து, காசும் வாங்கி முடிந்த வேலைகள்தான். ஆனால் 1995 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய வீடுகள் எத்தனை! அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து அட்டையில் போட்டோமே, அந்தக் கல்வெட்டைத் தவிர அந்த மனிதரின் முகம் வேறெங்கும் இல்லாத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

அக்காவின் மகன் வந்து டிஸ்கைக் கழற்றினான். பழைய ஐடிஇ டிஸ்க், 80 ஜிபி. யூஎஸ்பி வயர் ஒன்றில் மாட்டி டி டிரைவை அப்படியே கொப்பி பண்ணினான். "முடிஞ்சுது சின்னம்மா" என்று தேத்தண்ணி குடிக்க எழும்பினான். நான் ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தேன்.

'தமிழ்' என்று வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி.

பாமினி அப்படித்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை இருத்திய எழுத்துரு அது. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் குத்தாக நிற்பது. எழுத்துரு இல்லாத மெஷினுக்கு எல்லாம் வெறும் ஆங்கிலம். சீ டிரைவில், வின்டோஸுக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் போல்டரை நாங்கள் எடுக்கவே இல்லை. பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டி, அதையும் முழுதாகக் கொண்டுவந்தோம். திரையில் முதல் தேவாரம் தமிழாக எழும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

பேஜ்மேக்கர் கோப்பை அதற்குப் பதிலாக வந்த இன்டிசைனின் இப்போதைய பதிப்பு திறக்காது. சீஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் திறந்தது. ஆகவே அக்காவின் மகன் புதிய மெஷினுக்குள், இன்னொரு மெஷின் போல ஓடும் வேர்ச்சுவல்பொக்ஸைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் ஏற்றினான். எழுத்து வந்தது. படங்கள் மட்டும் மங்கி, கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

பெரிய படங்களைப் பேஜ்மேக்கர் பெரும்பாலும் தன் கோப்புக்குள் வைப்பதில்லை. அவை இருக்கும் பாதையை மட்டும் குறித்துவைக்கும். அந்தப் பாதை 'டி' என்றுதான் தொடங்குகிறது. இங்கே டி என்ற எழுத்தைச் சீடி டிரைவ் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு வேறு எழுத்தைக் கொடுத்துவிட்டு, எங்கள் போல்டரை டி ஆக்கினோம். ஒரு ஐயாவின் முகம் சட்டென்று தெளிந்தது, நெற்றியில் திருநீறு மூன்று குறியும் தெரிய. கொப்பி பண்ணும்போது போல்டர் பெயர்களை அழகுபடுத்தாமல் விட்டது எவ்வளவு நல்லது!

ஜூலை 9, புதன்

தமிழ் தட்டுவதற்கான இ-கலப்பை மென்பொருளில் பாமினி விசைப்பலகை இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே தட்ட, எந்த மெஷினும் தமிழாகவே அறியும் யூனிகோட்டாக விழுகிறது. பாதிப் பயம் போய்விட்டது.

பழைய வாசகத்தை யூனிகோட்டுக்கு மாற்றுவதுதான் பெரிய வேலை. மாற்றும் மென்பொருளுக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. பேரப்பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த 'யூகே', 'ருமு' ஆகிவிட்டது. பாமினியில் பெரிய யூ 'ரு', பெரிய கே 'மு'. ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்க்காமல் பழையதை அழிக்கவே மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ரொறன்ரோவில் இருந்து ஒரு பிள்ளை போன மாதம் கேட்டிருந்தா. அம்மம்மாவின் கல்வெட்டு, 2004. வீட்டில் ஒரு பிரதிகூட இல்லையாம். இன்று அதைத்தான் முதலில் எடுத்தேன். இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவை எழுத்தெழுத்தாகப் பழைய தாளோடு ஒத்துப் பார்த்தேன். வெண்பாவில் ஒரு புள்ளி பிசகினாலும் தளை தட்டும் என்று அப்பா சொல்லுவார்.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பி அரை மணித்தியாலத்தில் குரல் பதிவு வந்தது. "அன்ரி, அம்மாவுக்குக் காட்டினேன். படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறா."

கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். உருவாக்கிய திகதி இந்த ஜூலை 6 என்று மாறிவிட்டது. திருத்திய திகதி மாறவில்லை: 2004 மார்ச் 17, இரவு 11.40. அப்பா பக்கத்தில் கதிரை போட்டுப் புரூஃப் பார்த்த இரவு.

நாளைக்கு 2005 போல்டர்.