‘இம்புட்டு நேரம் எங்கட்டி போன?’: குற்றவியலில் ஒரு பாடத்தை நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குக் குற்றவியல் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது ‘பெண்களும் குற்றமும்’ பகுதியைப் பற்றித்தான். பெயரும் ஆண்டும் குவிந்து கிடக்கின்றன, எல்லாக் கோட்பாடும் ஒன்றுபோலத் தெரிகின்றன, தேர்வில் மாற்றிப் போட்டுவிட்டு வருகிறோம் என்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் தவறவிட்டேன். இரண்டாம் முறை தேறினேன். நடுவில் நான் படித்த விதம் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில். அம்மா பீடி சுற்றுகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிறகு தினமும் ரயிலில் திருநெல்வேலி வந்து, ஆலங்குளம் பஸ் பிடித்து அபிஷேகப்பட்டிக்குப் போய் முதுகலை படித்தேன். முதல் முயற்சியில் வீட்டுச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். லொம்ப்ரோசோ 1893, தாமஸ் 1923, போலாக் 1950, ஆட்லர் 1975, ஹைடன்சான் 1985 என்று ஒரு நீளமான பட்டியல். கால வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விக்கு அது உதவியது. ஆனால் கூற்று, காரணம் என்று இரண்டு வாக்கியம் கொடுத்து, இரண்டாவது முதலாவதற்கு விளக்கமா என்று கேட்டபோது கை நின்றுவிட்டது. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது தெரியும். எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னார் என்பது தெரியாது.

அதனால் முதலில் எண்ணைப் பிடியுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் பெண்கள் 23,772. நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் நிற்கிறது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று எங்கே பார்த்தாலும் சிறைக்குள் ஆண்களே மிக அதிகம்.

இந்த எண்ணை அப்படியே ‘குற்றம் செய்தவர்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். நான் செமஸ்டர் தேர்வில் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தேன், சரியாகத்தான் குறைத்தார்கள். நடந்த குற்றம் ஒன்று, புகாராக வருவது ஒன்று, எஃப்ஐஆர் ஆவது ஒன்று, கைது, தண்டனை, சிறை என்று ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்கிறார்கள். சிறைக் கணக்கு கடைசிப் படியில் நிற்கிறவர்களின் கணக்கு. நம் நாட்டில் அதிலும் பெரும்பகுதி, தீர்ப்பு இன்னும் வராத விசாரணைக் கைதிகள். ‘நீ என்னென்ன தப்பு செய்திருக்கிறாய்’ என்று பெயர் கேட்காமல் நேரடியாக விசாரித்த வெளிநாட்டு ஆய்வுகளில், சின்னச் சின்னத் தவறுகளில் ஆண் பெண் இடைவெளி சுருங்குகிறது. கொலை, கொள்ளை என்று கனமான குற்றங்களுக்கு வரும்போது இடைவெளி அப்படியே நிற்கிறது. அந்த எஞ்சி நிற்கிற இடைவெளிக்குத்தான் சமூகம் காலம்தோறும் விளக்கம் சொல்லிவந்திருக்கிறது.

எனக்குக் கதவு திறந்தது கேத்லீன் டேலியும் மீடா செஸ்னி லிண்டும் 1988இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிப் படித்தபோது. அவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்தார்கள். ஆண்களை வைத்து உருவாக்கிய கோட்பாடு பெண்களுக்கும் பொருந்துமா என்பது ஒன்று. ஆண்கள் ஏன் இவ்வளவு அதிகம், பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது இன்னொன்று. என் நோட்டில் முதலாவதற்குப் ‘பொருத்தக் கேள்வி’ என்றும் இரண்டாவதற்கு ‘இடைவெளிக் கேள்வி’ என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். தேர்வுத்தாளில் ஜெனரலைசபிலிட்டி, ஜெண்டர் ரேஷியோ என்று வரும். இப்போது எந்தப் பெயர் வந்தாலும் இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று முதலில் கேட்பேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது.

இத்தாலிய ஆய்வாளர்கள் லொம்ப்ரோசோவும் ஃபெரேரோவும் உடலில் விடை தேடினார்கள். பிறப்பிலேயே குற்றவாளி என்ற எண்ணம் அது. குற்றம் செய்கிற பெண் பெண்மை தவறியவள், ஆணைப் போன்றவள் என்று எழுதினார்கள். இதைப் படிக்கும்போது நம் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்று சொல்கிற, சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டு, 1952இல்தான் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. பிறப்பை வைத்துக் குற்றம் சுமத்தினால் என்ன ஆகும் என்பதை இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியிருந்த குடும்பங்களிடம் கேட்டால் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு லொம்ப்ரோசோ எனக்கு மறக்கவே இல்லை.

போலாக் இடைவெளியையே நம்பவில்லை. பெண்கள் செய்கிற குற்றம் வீட்டுக்குள் மறைந்துவிடுகிறது, வெளியே வந்தாலும் போலீஸும் நீதிபதியும் இரக்கம் காட்டி விட்டுவிடுகிறார்கள் என்றார். தேர்வில் சிவல்ரி ஹைபோதீசிஸ் என்று வருவது இந்த இரக்கக் கதைதான். இதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஃபாரிங்டனும் மோரிஸும் 1983இல் கேம்பிரிட்ஜ் நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தபோது, குற்றத்தின் கனமும் பழைய வழக்குகளும் கணக்கில் வந்ததும் பெண்ணுக்குக் கிடைத்த சலுகை என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. பேட் கார்லன் ஸ்காட்லாந்து நீதிபதிகளிடம் பேசியபோது, நல்ல தாயா, குடும்பத்தோடு இருக்கிறவளா என்பதைப் பார்த்தே பெண்ணைச் சிறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவர்கள் யோசித்தது தெரிந்தது. அப்படியானால் அந்த இரக்கம் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை.

நம் சட்டத்திலிருந்து ஒரு உதாரணம் எழுதுங்கள், விடை கனமாகும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு பிறர் மனைவியோடு உறவு வைத்த ஆணை மட்டும் தண்டித்தது, அந்தப் பெண்ணைத் தண்டிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சலுகை. ஆனால் கணவன் சம்மதித்தால் அது குற்றமே இல்லை என்றது அதே பிரிவு. மனைவி கணவனின் உடைமை என்ற நினைப்புதான் அதற்கு அடி. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பெண்ணுக்குச் சட்டம் இறங்கிவருகிற இடங்களில் எல்லாம் எதற்காக இறங்கி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, எனக்கு மிகவும் நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். பிரான்சிஸ் ஹைடன்சான். பெண்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று துருவுவதை விட, பெண்கள் ஏன் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்றவர். வீட்டில், வெளியில், வேலையிடத்தில் என மூன்று இடத்திலும் பெண் மேல் கட்டுப்பாடு இருக்கிறது என்பது அவர் பதில். இதை நான் ஆங்கிலத்தில் மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ரயில் தாமதமாகி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஆச்சி வாசலிலேயே நின்றார். “இம்புட்டு நேரம் எங்கட்டி போன?” அண்ணன் அன்று பதினொரு மணிக்கு வந்தான். அதே ஆச்சி, அதே வாசல். “சாப்ட்டியாலே?” அவ்வளவுதான் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி ஹைடன்சான் புரிந்தார். கூடவே ஹேகனின் பவர் கண்ட்ரோல் கோட்பாடும் புரிந்தது. தந்தைவழி அதிகாரம் உள்ள வீட்டில் மகளைக் கட்டுப்படுத்துவது அதிகம், மகனை அவன் போக்கில் விடுவது அதிகம், அதனால் துணிந்து ஆபத்தான காரியத்தில் இறங்கும் பழக்கம் மகனுக்கே வருகிறது என்கிறது அது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நாளைக்குக் கட்டு குடுக்கணும், அடுப்புல உலை கெடக்கு, எங்களுக்குத் தப்புப் பண்ண ஏது நேரம்?” என்றார். அதை ஹைடன்சான் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆட்லர் 1975இல் சொன்னது, பெண் விடுதலை வளர வளரப் பெண்கள் ஆண்களின் குற்றங்களுக்குள்ளும் வருவார்கள் என்பது. இதை மறுத்தவர்கள் கேட்ட கேள்வி எளியது: பிடிபடுகிற பெண்களில் விடுதலை அடைந்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஏழைகள், சின்னத் திருட்டு, சின்ன மோசடி. பேட் கார்லன் 1988இல் தண்டனை பெற்ற 39 உழைக்கும் வர்க்கப் பெண்களின் வாழ்க்கையை வைத்து எழுதினார். உழைத்தால் கூலி கிடைக்கும் என்பது ஓர் ஒப்பந்தம், குடும்பத்துக்குள் அடங்கி இருந்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்பது இன்னோர் ஒப்பந்தம். இரண்டும் பொய்த்துப்போன பெண்ணைக் கட்டி நிறுத்த எதுவும் இல்லை.

எங்கள் தெருவில் அப்படி ஓர் அக்கா உண்டு. கணவர் விட்டுப் போய்விட்டார், இரண்டு பிள்ளைகள், பீடிக் கூலி போதவில்லை. மதுக்கடை மூடியிருக்கும் நாட்களில் குவார்ட்டர் பாட்டில் வாங்கி வைத்து விற்றார். கேஸ் ஆனது. அதே வேலையைச் செய்த ஆண்கள் இரண்டு பேர் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களைப் பற்றி ‘பொழைக்கத் தெரிஞ்சவன்’ என்று பேசிய வாய்கள் இந்த அக்காவை ‘பொம்பளையா இவ’ என்றன. சட்டத்தை மீறியது ஒன்று, பெண்ணாக இருந்து மீறியது இரண்டு என்று இரட்டைப் பழி. தேர்வில் டபுள் டீவியன்ஸ் என்று வருவது இதுதான். அந்த அக்கா திரும்பி வந்தபோது தண்ணீர்க் குழாயடியில் அவரோடு யாரும் பேசவில்லை. நானும் சில நாள் பேசாமல் கடந்து போனேன். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. சொல்லை அட்டவணையில் படித்திருந்தேன், குழாயடியில் அடையாளம் தெரியவில்லை.

இப்போது இடைவெளிக் கேள்வியின் மறுபக்கம். பெரும்பாலான மாணவர்கள் பெண் ஏன் குறைவு என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, ஆண் ஏன் அதிகம் என்பதைத் தொடாமல் விடுகிறார்கள். நூற்றுக்கு தொண்ணூற்றாறு பேர் இருக்கிற பக்கத்தை விட்டுவிடுகிறோம்! மெசர்ஷ்மிட் 1993இல் இதைத்தான் கேட்டார். ஆண்மையைக் காட்ட வேறு வழி அடைபட்ட இடத்தில் குற்றமே ஆண்மையைக் காட்டுகிற வழியாகிவிடுகிறது என்றார். கோயில் கொடை என்று நாங்கள் சொல்கிற திருவிழா நடக்கிற ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள். மேளத்துக்கு முன்னால் ஆடுகிற இடத்தில் தோள் இடித்துவிடுகிறது. “ஆம்பளையா இருந்தா வாலே” என்று ஒருவன் சொல்கிறான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பின்வாங்குவதற்கு அவனுக்கு வழியே இல்லை. அண்ணனோடு பத்தாவது படித்த ஒருவன் அப்படித்தான் ஒரு கொடையில் அடிதடி வழக்கில் மாட்டினான். வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு வரும்போதெல்லாம் அந்த ராத்திரி அவன் முன்னால் வந்து நிற்கிறது. சின்ன வயதிலிருந்து ‘பொம்பள மாதிரி அழாத’ என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம்தான். திருநெல்வேலி என்றாலே அருவா என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் ஊர்ப் பையன்கள் மேல் எவ்வளவு பாரமாக ஏறுகிறது என்பதை யாராவது ஆய்வு செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

தேர்வு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒரு கேள்வியையும் விடாதீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்குப் பயப்பட வேண்டாம். கருத்தை முழுக்கத் தமிழில் எழுதிப் புரிந்துகொள்ளுங்கள், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழகுங்கள். நான் ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தேன். மேலே அவர் கேட்ட கேள்வி, நடுவில் பதில், அப்புறம் அவரை மறுத்தவர், ஓரத்தில் எங்கள் தெருவில் நான் பார்த்தது. ஆண்டு கடைசியில் எழுதினேன், தானாகவே நின்றது.

இன்னொன்றும் செய்யுங்கள். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். நீதிமன்றம் பொதுவாகத் திறந்த இடம், சில வகை வழக்குகளைத் தவிர யாரும் உட்கார்ந்து கேட்கலாம். போனை அணைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் அமைதியாக இருங்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட எத்தனை ஆண்கள் எழுந்து வருகிறார்கள், எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். அப்படியே வராந்தாவுக்கு வந்து, ஜாமீனுக்காகச் சாப்பாட்டுப் பையோடு காத்திருக்கிறவர்களையும் எண்ணுங்கள். நான் போன அன்று உள்ளே பெயர் கூப்பிடப்பட்டவர்களில் பெண் ஒருவர்தான். வராந்தாவில் நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அம்மாக்களும் மனைவிகளும்.