வெயில் ஜாஸ்தி பெரியவரே

அன்னைக்கு நான் சொன்னது மூணே வார்த்தை, வெயில் ஜாஸ்தி பெரியவரே. ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் மறக்க மாட்டேங்குது.

நான் மாட்டு டாக்டர். குடற்புழுவுக்கு நான் ஊசி போட்ட மாடுகளோட சொந்தக்காரர்தான் அந்தப் பெரியவர். அவர் கேட்டது இதான். "ஏன் டாக்டர் தம்பி, ஊசி போட்ட மாட்டுச் சாணி மட்டும் வறட்டி மாதிரி அப்படியே கெடக்குது, கறவை மாட்டுது எல்லாம் மக்கிப்போச்சே?" மட்டும்னு சொன்னார் பாருங்க. ஒரே மேய்ச்சல், ஒரே வெயில். நான் சொன்ன பதில் எவ்வளவு அபத்தம்னு சொல்லி முடிக்கும்போதே தெரிஞ்சுடுச்சு, ஆனா வாயில இருந்து வந்துடுச்சே.

அவர் மறுத்தெல்லாம் பேசல. குச்சியால ஒரு சாணிய புரட்டினார், கறவை மாட்டோடது, மேல பூரா சாணி வண்டு துளைச்ச ஓட்டை, சல்லடை மாதிரி, அடியில புதுமண்ணு. அப்புறம் ஊசி போட்ட மாட்டோடது ஒண்ணு. மேல ஓடு மாதிரி காஞ்சிருக்கு, உள்ள இன்னும் பச்சையாவே இருக்கு, ஒரு வண்டு கூட உயிரோட நகருது. "வண்டு வருது தம்பி, அதோட புழுவைத்தான் காணோம்"னார். மாட்டு வயித்துல இருக்கற புழு போகத்தானே ஊசி போட்டேன், எல்லாப் புழுவும் போச்சு.

போட்டது ஐவர்மெக்டின், குடற்புழுவுக்கும் சொறிக்கும் சேர்த்துக் கேக்கற மருந்து, 50 கிலோவுக்கு 1 மில்லி, சரியான டோஸ்தான். அந்த மருந்துல பெரும்பகுதி சாணி வழியாத்தான் வெளிய வரும், அதுவும் நல்ல பங்கு வீரியத்தோடவே. வளர்ந்த வண்டு பெரும்பாலும் தாங்கிக்கும், அதோட புழு தாங்காது. வயித்துல தங்கி கொஞ்சம் கொஞ்சமா மருந்து விடற குளிகை கொடுத்த மாட்டோட சாணி மக்காம கிடந்துச்சுன்னு பிரிட்டன்ல 1987-லயே எழுதிட்டாங்க. இதெல்லாம் தெரியாதவன் இல்ல நான். பால்ல மருந்து இறங்கிடுமேன்னு கறவைய பாத்து பாத்து ஒதுக்கினவன், சாணிய நினைக்கல.

ஆனா நாலு மாட்டுக்கு சொறி இருந்துச்சுங்க, உண்ணி வேற. குடற்புழுவுக்கு மட்டும் கேக்கற ஃபென்பெண்டசோல் கொடுத்திருந்தா வண்டுக்கு பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது, சொறிக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. அதனால நான் செஞ்சது தப்பில்ல. நாலுக்கு. மீதி பதினாலுக்கு? கையில சிரிஞ்ச் இருந்துச்சு, மாடும் கட்டிக் கிடந்துச்சு, திரும்ப ஒருதடவை வரணுமேன்னு கையோட போட்டுட்டேன். சாணிய எடுத்து குடற்புழு முட்டை இருக்கான்னு பார்த்துட்டு தேவைப்பட்டதுக்கு மட்டும் போட்டிருக்கலாம், ஒருநாள் வேலை. இத்தனைக்கும் அந்த வண்டுங்க சாணிய உடைச்சு காயப்போடறதால குடற்புழுவோட குஞ்சு புல்லுல ஏறறதே குறையும், என் வேலையில பாதிய சம்பளம் இல்லாம பாத்துக்கிட்டு இருந்த கூட்டம் அது.

தெரியாதுன்னோ என் மருந்துதான்னோ சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகியிருக்காது, அவர் சண்டைக்கு வர்ற ஆளே இல்ல. ஒருவேளை அடுத்த தடவை மருந்தே வேணாம்னுடுவாரோ, மாடு சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகுமோன்னு பயந்தேன்னு வெச்சுக்கலாம். அது இப்ப யோசிச்சு வெச்ச காரணமான்னும் சந்தேகமா இருக்கு.

போன மாசம் அவரே கூப்பிட்டார். "அதே ஊசிய போட்டுடுங்க தம்பி, அப்ப ஈத்தொல்லையே இல்ல"ன்னார். இருக்காதுதான், சாணியில வளர்ற ஈயும் அதுல போயிடும்ல. இந்த தடவை வண்டு விஷயத்தை முழுசா சொன்னேன், தலையாட்டிட்டு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். சொறி இருந்தது மூணுக்கு. ஆறுக்குப் போட்டேன்.