பிக் பிளைண்டில் எதைக் கால் செய்வது, எதை வைத்து பிளஃப் செய்வது: ஒரு பயிற்சிக் குறிப்பு

போக்கர் சீட்டாட்டத்தில் பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே முழுக் கட்டாயப் பந்தயம் வைக்கும் இடத்தில்) இருக்கும்போது எந்தக் கையை (கிடைத்த இரண்டு சீட்டுகளை) வைத்துக் கால் செய்வது, அதாவது எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போடுவது, எந்தக் கையை வைத்து பிளஃபாக (வலு இல்லாமலே இருப்பதாகக் காட்டி) ரெய்ஸ் செய்வது, அதாவது பந்தயத்தை உயர்த்துவது என்ற ஒன்றை மட்டும் சில மாதங்களாகத் தனியே எடுத்துப் பயின்று வருகிறேன். பெங்களூரு அல்சூரில் நண்பர் வீட்டு மாடியில் சனிக்கிழமை இரவுகளில் கூடும் தமிழ் நண்பர்கள்தான் என் எதிராளிகள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்வதற்கு முன்பிருந்தே நாங்கள் பிளாஸ்டிக் சிப்களை மட்டும் வைத்து ஆடுகிறோம். கணக்குப் போட்டுச் சிந்திப்பதிலேயே எங்களுக்கு வேண்டிய சுவை முழுவதும் கிடைத்துவிடுகிறது.

பட்டனில் (மேசைச் சீட்டுகள் விழுந்த பின் கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவர் இரண்டரை பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்து, அரை பிளைண்ட் கட்டாயமாக வைத்த ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் செய்துவிட்டால் (விலகிவிட்டால்), பாட்டில் (நடுவில் சேரும் பந்தயத் தொகையில்) 4 பிளைண்ட் சேர்ந்திருக்கும். நான் இன்னும் 1.5 பிளைண்ட் போட்டால் பாட் 5.5 ஆகிவிடும் என்பதால், ஏறத்தாழ 27 சதவீதம் வெல்லும் வாய்ப்புள்ள கை எனக்குப் போதும். ஆனால் ஃப்ளாப் (மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) முதல் ரிவர் (ஐந்தாவதான கடைசிச் சீட்டு) வரை ஒவ்வொரு சுற்றிலும் நானே முதலில் பேச வேண்டியிருப்பதால், காகிதத்தில் உள்ள அந்த 27 சதவீதம் மேசையில் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. அதனால் ஒரே பூவில் அமைந்த சீட்டுகளையும் அடுத்தடுத்த எண்களையும் தாராளமாகக் கால் செய்கிறேன். இரண்டு பூவில் தள்ளித் தள்ளி நிற்கும் சீட்டுகளை விட்டுவிடுகிறேன்.

கட்டம் போட்ட தாளில் 13-க்கு 13 என வரைந்து, 169 வகைக் கைகளையும் கால், ரெய்ஸ், ஃபோல்ட் என மூன்று நிறங்களில் தீட்டிப் பார்த்ததுதான் எனக்கு மிகவும் உதவிய பயிற்சி. இன்னொரு ரெய்ஸ் செய்வதற்கு ஒரே பூவில் அமைந்த ஏஸ்-5 ஏன் அவ்வளவு பொருத்தமானது என்பது அப்போதுதான் எண்ணிக்கையாகவே கண்ணில் பட்டது. என் கையில் ஓர் ஏஸ் இருந்தால், எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய வழிகள் 6-இலிருந்து 3 ஆகவும், ஏஸ்-ராஜா இருக்கக்கூடிய வழிகள் 16-இலிருந்து 12 ஆகவும் குறைந்துவிடுகின்றன. அவர் துணிந்து திரும்பி ரெய்ஸ் செய்யும் கைகளே மெலிந்துபோகின்றன; அப்படியும் அவர் கால் செய்தால், எனக்கு ஃப்ளஷும் (ஒரே பூவில் ஐந்து) ஸ்ட்ரெய்ட்டும் (அடுத்தடுத்த ஐந்து) வர வழி இருக்கிறது.

ஃப்ளாப்பில் செக் ரெய்ஸ் செய்வதற்கும் (முதலில் செக் செய்து, அதாவது பந்தயம் வைக்காமல் விட்டு, எதிராளி வைத்ததும் உயர்த்துவதற்கும்) இதே எண்ணும் முறையைத்தான் கையாளுகிறேன். ஆட்டின் 8, இஸ்பேட் 7, கிளாவர் 3 என்று ஃப்ளாப் விழுந்தால், 8-7 வைத்திருக்க 9 வழிகளும், மூன்று செட்டுகளுக்கு (கையில் ஜோடி, மேசையில் அதே எண்) தலா 3 வழிகளும் என மொத்தம் 18 வலுவான கைகள் என் பக்கம் இருக்கக்கூடும். இவற்றுக்குத் துணையாக 10-6, ஜாக்கி-9 போல 9 அல்லது 10 விழுந்தால் ஸ்ட்ரெய்ட் ஆகிற கைகளை பிளஃபாகச் சேர்க்கிறேன். ஒரு 8 மட்டும் ஜோடி சேர்ந்த கையை இதில் கலப்பதில்லை, ஏனெனில் கால் செய்தாலே அதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

உண்மையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ரிவர்தான். எதிராளி பாட் அளவுக்குப் பந்தயம் வைத்தால், கால் செய்ய எனக்கு 33 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை; அவர் எதை வைத்தும் பிளஃப் செய்து லாபம் பார்க்காமல் இருக்க, ரிவர் வரை கொண்டுவந்த கைகளில் பாதியையாவது நான் ஃபோல்ட் செய்யாமல் காக்க வேண்டும். எந்தப் பாதியை என்பதுதான் கேள்வி. ஆட்டின் ராஜா, ஆட்டின் 8, கிளாவர் 4, இஸ்பேட் ஜாக்கி, டைமண்ட் 2 என்று ஐந்து சீட்டுகளும் விழுந்துவிட்ட மேசையை எடுத்துக்கொள்வோம். என்னிடம் கிளாவர் ராஜாவும் ஆட்டின் 7-உம் இருப்பது ஒன்று. கிளாவர் ராஜாவும் இஸ்பேட் 5-உம் இருப்பது இன்னொன்று. இரண்டும் ராஜா ஜோடிதான், இரண்டும் அவருடைய பிளஃபை மட்டுமே வெல்லக்கூடியவை. பார்வைக்கு 7 உள்ள கை பெரிது என்றாலும், நான் கால் செய்வது 5 உள்ள கையைத்தான்.

அவரிடம் 18 வலுவான கைகளும், ஆட்டின் ஃப்ளஷ் கூடாமல் போன 9 பிளஃப்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27-இல் 9 என்பது சரியாக 33 சதவீதம். ஆட்டின் 7 என் கையில் இருந்தால், ஆட்டினில் ஏஸ்-7, 9-7, 7-6 ஆகிய மூன்றும் அவரிடம் இருக்க முடியாது. மீதி 24-இல் 6 மட்டுமே பிளஃப், அதாவது 25 சதவீதம். கால் செய்தால் நட்டம். ஒரே ஒரு சீட்டின் பூ இந்த அளவுக்குத் தீர்ப்பை மாற்றுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கணித மேதை ஜான் வான் நியூமன் போக்கரைச் சுருக்கி அமைத்த மாதிரியிலும், பிளஃப் செய்யும் கைகள் நடுத்தரமானவை அல்ல, ஆகக் கீழானவை. நடுத்தரக் கைகள் செக் செய்கின்றன. ரிவரில் நான் பந்தயம் வைக்கும் முறைக்கு இதுவே அடிப்படை: பாட் அளவுக்குப் பந்தயம் வைத்தால் இரண்டு வலுவான கைகளுக்கு ஒரு பிளஃப், பாதிப் பாட் என்றால் மூன்றுக்கு ஒன்று.

இந்த விகிதங்களை அப்படியே எங்கள் மாடியில் பொருத்திவிடவும் கூடாது என்று கருதுகிறேன். எங்கள் நண்பர்களில் பெரும்பாலோர் ரிவரில் பெரிய பந்தயம் வைத்தால் கையில் சரக்கு இருக்கிறது என்றே பொருள். அவர்களுக்கு எதிராகப் பாதிக்கும் அதிகமாக ஃபோல்ட் செய்வதுதான் சரி. "அண்ணா, ராஜா ஜோடியையா கீழே வைக்கிறீங்க?" என்று வயதில் இளையவர் ஒருவர் வியந்து கேட்டபோது, சீட்டுக் கட்டைத் திருப்பி வைத்து மேற்சொன்ன கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது அவரும் தாளில் கட்டம் வரைந்து நிறம் தீட்டுகிறார்.

அடுத்ததாக, ஃப்ளாப்பில் செக் ரெய்ஸ் செய்த பிளஃப்களில் எவற்றை டர்னிலும் (நான்காவது சீட்டிலும்) தொடர்வது, எவற்றை அங்கேயே நிறுத்துவது என்று எடுத்திருக்கிறேன். அதே 8-7-3 மேசையில் டர்னில் ராஜா விழுந்தால் எதிராளிக்கே அதிகம் உதவும் என்பதால் 10-6-ஐ அங்கேயே நிறுத்திவிடுகிறேன்; 5 விழுந்தால் 6-4 வைத்திருப்பவருக்கும் 9-6 வைத்திருப்பவருக்கும் ஸ்ட்ரெய்ட் கூடிவிடுகிறது, அந்தக் கைகள் பட்டனைவிட என் பக்கமே அதிகம் என்பதால் பந்தயத்தைத் தொடர்கிறேன். 2, ஜாக்கி, ராணி ஆகியவை விழும்போது என்ன செய்வது என்பதற்கான கட்டங்கள் இன்னும் நிறம் தீட்டப்படாமல் இருக்கின்றன.