கீசர் 8,400, செலவு 11,005

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. கீசர் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டு. மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தால் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற ஸ்விட்ச், விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டு மறுபடி கீசரைப் போட்டேன், மறுபடி இருட்டு. பாத்ரூமுக்குள்ளிருந்து அத்தை, "ஏம்மா, கரண்ட் போச்சா?" என்று கேட்கிறார். கரண்ட் போகல அத்தை, கீசர்தான் போயிடுச்சு. அன்றைக்கு அடுப்பில் குண்டானை வைத்துச் சமாளித்தோம்.

பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். நான் மனதுக்குள் போட்டிருந்த கணக்கு காயிலோ தெர்மோஸ்டாட்டோ போயிருக்கும், ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும் என்பதுதான். அவர் கீழ் மூடியைக் கழற்றியதுமே தண்ணீர் சொட்டியது. "அக்கா, டேங்க்கே ஓட்டை. வயரிங் மேல தண்ணி இறங்குது, அதான் ட்ரிப் ஆகுது. காயில் போனா மாத்திக்கலாம், டேங்க் போனா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதைச் சொன்னதற்கு 300 ரூபாய்.

ஒரு விஷயம் எனக்கு அன்றுதான் புரிந்தது. கீசருக்குக் கீழே சொட்டுகிற தண்ணீர் எல்லாமே ஒன்றல்ல. சூடாகும்போது தண்ணீர் விரியும், அந்த அழுத்தத்தைக் குறைக்க சேஃப்டி வால்வு வழியாக ரெண்டு சொட்டு விழுந்தால் அது சாதாரணம். ஸ்விட்சை அணைத்து ஆறிப்போன பிறகும் வெளி உறையின் ஓரத்திலிருந்து கசிந்துகொண்டே இருந்தால், துருக்கறையோடு இருந்தால், டேங்க் ஓட்டை. எங்கள் வீட்டில் ரெண்டு மாதமாக அந்தக் கறை சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதை டைல்ஸ் அழுக்கு என்று நினைத்து ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

2016-ல் குடிவந்தபோது வாங்கிய கீசர் அது. சென்னை மேடவாக்கத்தில் போர் தண்ணீர், எவ்வளவு உப்பு என்று இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கீசரை இறக்கியதும் எலக்ட்ரீஷியன் காயிலோடு சேர்ந்த அந்தத் தட்டை வெளியே இழுத்துக் காட்டினார். காயில் முழுக்க வெள்ளை வெள்ளையாக, உடைத்த முட்டை ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்த மாதிரி உப்பு. பக்கத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, ஊதுபத்திக் குச்சி அளவுதான் இருக்கும். "இது விரல் தடிமன் இருந்திருக்கும்க்கா" என்றார். அதுதான் ஆனோடு ராடு. மக்னீசியம் கம்பி. துரு டேங்கைத் தின்னாமல் முதலில் அதைத் தின்னட்டும் என்று வைத்திருப்பது. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும், அப்பப்போ திறந்து பார்த்து மாற்ற வேண்டும். ஐந்நூறு அறுநூறு ரூபாய் சாமான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் மாற்றவில்லை, அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே தெரியாது.

சரி, புதுசு வாங்கப் போனோம். கடைக்காரர் முதலில் 25 லிட்டரைக் காட்டினார். நாங்கள் பக்கெட்டில் குளிக்கிற குடும்பம், ஆளுக்கு ஒரு பக்கெட், சுடுதண்ணியோடு பச்சைத் தண்ணியும் கலந்துதான் ஊற்றிக்கொள்வோம், 15 லிட்டரே போதும். அப்புறம் ஃபைவ் ஸ்டார் எடுத்தால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்று ஆரம்பித்தார். இதில் அவர் சொன்னதை நான் நம்பவில்லை. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக எந்த கீசராக இருந்தாலும் கிட்டத்தட்ட அரை யூனிட்டுக்கு மேல் கொஞ்சம் ஆகும், 2,000 வாட் காயிலுக்குப் பதினேழு பதினெட்டு நிமிஷ வேலை. கீசரில் ஸ்டார் கணக்குப் போடுவதே, சுட்டு வைத்த தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான். நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டே வைத்திருக்கிற வீட்டுக்கு அது பெரிய வித்தியாசம். குளிக்கப் போகும்போது போட்டு, அணைத்துவிட்டுக் குளிக்கிற எங்களுக்கு அவ்வளவு இல்லை. இருந்தாலும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் ஃபைவ் ஸ்டாரே எடுத்தோம். நான் கறாராகக் கேட்டது ரெண்டுதான்: ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, ஆனோடு ராடு தனியாகக் கிடைக்குமா. ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 8,400.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் சுவர் தன் பங்கைக் கேட்டது.

கம்பெனியிலிருந்து மாட்ட வந்த தம்பி 450 என்றார். கனெக்‌ஷன் பைப் ரெண்டு தனியாக வாங்க வேண்டும், 500. பழைய போல்ட்டும் புது கீசரின் ஓட்டையும் சேரவில்லை, டைல்ஸில் புதுசாக ரெண்டு துளை போட்டு ஃபாஸ்னர் அடித்தார், 120. அடுத்து பழைய நிப்பிளில், அதாவது சுவர் பைப்பில் திருகியிருக்கிற சின்னக் குழாய்த் துண்டில், ஸ்பேனர் போட்டு ஒரு திருகு திருகினார், டொக் என்று ஒரு சத்தம், பாதி அவர் கையில், பாதி சுவருக்குள். துருப்பிடித்த ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு நிப்பிள். "இது பிளம்பர் வேலை மேடம்" என்று ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டார்.

பிளம்பர் சாயங்காலம் வந்தார். டைல்ஸை உடைக்க வேண்டி வருமோ என்றுதான் எனக்கு பயம், அதே டிசைன் இப்போது எங்கே கிடைக்கும்? அவர் பாதியாக உடைத்த ஹாக்ஸா பிளேடு ஒன்றைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சுவருக்குள் மாட்டியிருந்த துண்டை உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். அதைச் சுற்றியிருக்கிற சுவர் பைப்பின் மரை அறுந்துவிடக் கூடாது, அறுந்தால் சுவரை உடைக்கத்தான் வேண்டும். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சின்ன உளியால் ஒரு தட்டு, துண்டு சுருண்டு வெளியே வந்து விழுந்தது. கூலி 700 கேட்டார், பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தடவை பித்தளை நிப்பிள் ரெண்டு, 240. ஆங்கிள் வால்வும் இறுகிப் போயிருந்தது, அது 385.

கடைசியாக பிளக். 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரு துளை கருகிப் போயிருந்தது, அதை மாற்ற 260. பழைய கீசரை இரும்புக் கடையில் போட்டதில் 350 வந்தது. எல்லாம் கழித்துக் கூட்டினால் 11,005. அந்த ஐந்து ரூபாயைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

தெர்மோஸ்டாட்டை 50-ல் வைத்திருக்கிறேன், சூடு ஏற ஏற உப்பு அதிகமாகப் படியும் என்பதால். அடுத்த மார்கழிக்கு முன்னால் ராடைத் திறந்து பார்க்க போனில் அலாரம் வைத்தாயிற்று. அத்தைக்கு மட்டும் திருப்தி இல்லை. "புதுசுன்னு சொல்றே, பழசு மாதிரி சுடவே இல்லையே" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று 55-க்கு ஏற்றிவிட்டேன்.